அம்பாசமுத்திரத்துக் கல்லும் அய்யன் சிலையும்: கணபதி ஸ்தபதியின் பணியைக் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரிப் பாறையில் நிற்கும் திருவள்ளுவர் சிலைக்கும் அதன் பீடத்துக்கும் சுற்று மண்டபத்துக்கும் சேர்த்துச் செலவான கல் ஏறத்தாழ 7000 டன். அதில் 5000 டன் அம்பாசமுத்திரத்துக் கல்குவாரியிலிருந்து போனது. சிலையின் வெளிப்புறத்துக்கென்று தேர்ந்தெடுத்த உயர்தரக் கருங்கல் 2000 டன், சங்கராபுரத்திலிருந்து வந்தது. படகேறிப் போய்ப் பார்க்கிறவர்கள் சிலையின் உயரத்தைக் கேட்பார்கள், சுனாமியில் அது நின்றதைப் பேசுவார்கள்; கல் எந்த ஊருடையது என்று கேட்பவர் அரிது. திருநெல்வேலிச் சீமைக்காரன் என்ற முறையில் எனக்கு முதலில் எழுந்த கேள்வி அதுதான். எங்கள் கல் அதில் எங்கே இருக்கிறது என்று தேடப் புறப்பட்டதுதான், அந்தச் சிலையைச் செய்த வை. கணபதி ஸ்தபதியின் வாழ்க்கையையும் வேலை முறையையும் படிக்கும் நிலைக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கணக்கு எளிதானது. சிலையின் எடை 2500 டன், பீடம் 1500 டன், பீடத்தைச் சூழ்ந்த அலங்கார மண்டபம் 3000 டன். வெளிப்புறத்துக்கென வந்த 2000 டன் முழுவதும் சிலைக்கே போயிருந்தாலும்கூட, சிலையின் எடையில் 500 டன் மீதி நிற்கிறது. ஆகவே மண்டபத்திலும் பீடத்திலும் மட்டுமல்லாமல், வள்ளுவரின் உடம்புக்குள்ளேயும் அம்பாசமுத்திரத்துக் கல் இருந்தாக வேண்டும். பொதிகையின் அடிவாரத்தில், தாமிரபரணிக் கரையில் பிளந்தெடுத்த கல் அது. அகத்தியர் இருந்து தமிழ் வளர்த்ததாகச் சொல்லப்படும் மலையின் காலடியிலிருந்து வள்ளுவருக்குக் கல் போனதில் எனக்குள்ள மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஆய்வின் பொருள் அந்த மகிழ்ச்சி அன்று. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு கைகள் செதுக்கிய கற்கள், கடல் நடுவே ஒரு பாறையின் மேல் எப்படி ஓர் உருவமாகப் பொருந்தின என்பதே இங்கு கேள்வி.

பிள்ளையார்பட்டியிலிருந்து மாமல்லபுரம் வரை

கணபதி ஸ்தபதி 1927-இல் காரைக்குடியை அடுத்த பிள்ளையார்பட்டியில், தலைமுறை தலைமுறையாகச் சிற்பத் தொழில் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தை வைத்தியநாத ஸ்தபதி பெயர் பெற்ற சிற்பி. மகன் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றார். அவருடைய வரலாற்றில் இந்தச் செய்தியைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில் பின்னால் வந்த வேலைகளுக்கெல்லாம் திறவுகோல் இதுவே. உளியும் சுத்தியலும் அவருக்கு வீட்டிலேயே கிடைத்தன. தாள அளவு (உருவத்தின் முகத்தை அலகாகக் கொண்ட அளவு), அங்குலக் கணக்கு, விகிதம் ஆகியவற்றை மனப்பாடச் சூத்திரமாக வைத்துக்கொள்ளாமல் காரண காரியத்தோடு விளக்கும் பழக்கம் கல்லூரியில் வந்திருக்க வேண்டும்.

1957-இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியபோது தந்தை அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த கணபதி ஸ்தபதி 27 ஆண்டுகள் அதில் இருந்தார். இன்று அது கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி என்ற பெயரில் இயங்குகிறது. தகப்பனிடம் பிள்ளையும் மாமனிடம் மருமகனும் கற்று வந்த தொழிலை வகுப்பறைப் பாடமாக்குவது அவ்வளவு எளிய காரியமன்று. அந்தந்தக் குடும்பத்துக்குள் நின்ற அளவுமுறையை, எந்த ஊரிலிருந்து வந்த மாணவனும் ஒரே மாதிரி புரிந்துகொண்டு ஒரே மாதிரி செய்யும்படி எழுத்தில் வைக்க வேண்டும். அவர் எழுதிய ‘சிற்பச் செந்நூல்’ அந்தத் தேவையிலிருந்து பிறந்தது. ஒரு சிலையைச் செய்து முடிப்பதைவிட, ஒரே அளவைப் பேசும் நூறு சிற்பிகளை உருவாக்குவது பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன். அந்த வேலை முன்னால் நடந்திராவிட்டால் குமரிமுனைச் சிலை நடந்திருக்காது.

இடையே, சென்னையில் வள்ளுவர் கோட்டம் 1976-இல் திறக்கப்பட்டது. திருவாரூர் ஆழித்தேரின் அமைப்பில் அங்கே அவர் எழுப்பிய கல்தேரைப் பார்க்கும்போது, ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரின் வடம் பிடித்த எவருக்கும் ஒரு கேள்வி எழும். அசைவதற்கென்றே மரத்தில் பிறந்த வடிவத்தை அசையாத கல்லில் செய்வது எப்படி? மரத்தேரில் எடை மேலே போகப் போகக் குறைகிறது. அலங்காரம் துணியாலும் தட்டியாலும் ஆனது. கல்தேரில் அந்த மேற்பகுதியும் கல்லின் பாரமாகவே நிற்கிறது. தேர் என்ற தோற்றம் கெடாமல் அந்தப் பாரத்தைக் கீழே இறக்கியிருக்கும் விதம், அவர் உருவத்தை மட்டும் யோசித்தவர் அல்லர், எடை போகும் வழியையும் யோசித்தவர் என்பதைக் காட்டுகிறது. பூம்புகார்ச் சிலப்பதிகாரக் கலைக்கூடமும் அவருடைய பணிகளுள் ஒன்று.

கல்லின் குரல்

சிற்ப நூல் மரபில் கல்லைத் தேர்வது கண்ணால் செய்கிற காரியம் மட்டுமன்று, காதாலும் செய்கிற காரியம். சுத்தியலால் தட்டும்போது கோயில் மணிபோல் நீண்டு ஒலிப்பது ஆண் கல், தாளம்போல் ஒலிப்பது பெண் கல், ஓசை எழாதது மூன்றாம் வகை. உருவத்துக்கு ஒன்று, பீடத்துக்கு ஒன்று, அடிக்கு ஒன்று என்று அவற்றுக்கு இடம் வகுத்தார்கள். இதைக் கேட்டு நம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் உள்ளே விரிசலோ மென்மையான நரம்போ ஓடுகிற கல் தெளிவாக ஒலிக்காது என்பது எந்தக் கல்தச்சரும் கண்டறிந்த உண்மை. மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிற அறிவுதான் அது.

இந்த விஷயத்தில் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய சிறு தூண்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு சுரம் சொல்லும். கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலில் நாயக்கர் காலத்துச் சிற்பி, தூணோடு தூணாக நிற்கும் வீரனின் கைந்நரம்பையும் நகத்தையும்கூட விடாமல் காட்டியிருக்கிறான். கழுகுமலை வெட்டுவான் கோயிலோ கிருஷ்ணாபுரத்துக்கும் முற்பட்டது. 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மலையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து வந்து, முடிக்காமலேயே விட்டுப்போன கோயில். அதன் அடிப்பகுதியில் இன்றும் உளித்தடத்தைப் பார்க்கலாம்.

வெட்டுவான் கோயிலை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே கல்லைச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. வேண்டாததை எடுத்துவிட்டால் கோயில் இருக்கும். தவறு ஒன்று நேர்ந்தால் மட்டும் அதைத் திருத்த வழியில்லை. குமரிமுனையில் நிலைமை தலைகீழ். அங்கே இருந்தது ஒரு சிறு பாறை. அதில் 133 அடி உருவத்தைக் குடையக் கல் கிடையாது. பிற ஊர்க் கல்லை வெட்டிக் கொண்டுவந்து கீழிருந்து மேலே அடுக்கியாக வேண்டும். கழுகுமலைச் சிற்பியின் அச்சம் கை தவறுவது என்றால், கணபதி ஸ்தபதியின் அச்சம் அளவு தவறுவது. கீழே ஓர் அங்குலம் பிசகினால் மேலே தோள் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

பாறையின் மேல்

பிரதமர் மொரார்ஜி தேசாய் 1979-இல் அடிக்கல் நாட்டினார். அதன்பின் பதினோரு ஆண்டுகள் வேலை நகரவில்லை. 1990 செப்டம்பர் 6-ஆம் நாள் பணி தொடங்கியது. 1991 ஜனவரியில் மாநில அரசு கலைக்கப்பட்டது, வேலையும் தளர்ந்தது. 1996-க்குப் பிறகு மீண்டும் வேகம் எடுத்து, 2000 ஜனவரி 1-ஆம் நாள் முதலமைச்சர் மு. கருணாநிதி சிலையைத் திறந்துவைத்தார். அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல். அந்த இடைவெளியில் ஸ்தபதி ஐம்பதுகளிலிருந்து எழுபதுகளுக்குப் போய்விட்டார். மாறி மாறி வந்த அரசுகளுக்கும் நிதிக்கும் நடுவே ஒரே வரைவைக் கைவிடாமல் காத்து வைத்திருந்த பொறுமையை நான் அவருடைய திறமைகளுள் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

உயரத்தின் கணக்கு எல்லோரும் அறிந்தது. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38, ஆகவே பீடம் 38 அடி. பொருட்பாலின் 70-உம் இன்பத்துப்பாலின் 25-உம் சேர்ந்து 95, ஆகவே சிலை 95 அடி. அறத்தின் மேல் பொருளும் இன்பமும் நிற்கின்றன. இதை வெறும் எண் பொருத்தமாகப் பார்க்காமல் கட்டுமானமாகவும் பார்க்கலாம். இரண்டரைக்கு ஒன்று என்ற அளவில் சிலையின் உயரத்துக்கும் பீடத்தின் உயரத்துக்கும் விகிதம் அமைகிறது. கடற்காற்றை எதிர்த்து நிற்க வேண்டிய நெட்டுருவத்துக்கு அகலமான, கனமான அடி வேண்டும். அந்த அடி பார்வைக்கு வெறும் கல்மேடாகத் தெரியவும் கூடாது. பீடத்தைச் சுற்றி யானைகளுடன் ஒரு மண்டபத்தை எழுப்பி, அதற்குள் 140 படிகள் வைத்து வள்ளுவரின் காலடிவரை மக்கள் ஏறிப்போகும்படி செய்தார். 3000 டன் மண்டபமும் 1500 டன் பீடமும் கீழே உட்கார்ந்திருக்க, 2500 டன் சிலை மேலே நிற்கிறது. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வள்ளுவரின் காலடிக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம்.

சிலை முழுக்கக் கல்லால் நிரம்பியதன்று. உள்ளே கூடு விட்டிருக்கிறது. மேலே போகப் போக எடை கூடாமல் இருக்க இதுவே வழி. வேலையைத் தொடங்குமுன் மரத்தில் மாதிரி செய்து பார்த்தார்கள். கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சங்கராபுரம் ஆகிய மூன்று இடங்களில் பட்டறைகள் அமைத்துக் கல்லைச் செதுக்கினார்கள். மொத்தம் 3681 கற்கள். 7000 டன்னை இந்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கல்லுக்குச் சராசரி இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஆனால் 15 டன் வரை எடையுள்ள கற்களும் அவற்றில் உண்டு. கருங்கல்லின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் 15 டன் கல் என்பது ஏறத்தாழ ஐந்தரை கன மீட்டர். இதைக் கரையிலிருந்து கடல் கடத்திப் பாறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மேலே ஏற்றியாக வேண்டும்.

ஏற்றுவதற்குக் கட்டிய சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பனங்கட்டையும் சவுக்குக் கம்பும் கொண்டு, சிலை முழுவதையும் மூடும்படி உச்சிவரை சாரம் எழுப்பினார்கள். சவுக்குக் கம்புகள் மட்டும் 18,000; கட்டுவதற்குக் கயிறு இரண்டு லாரி. ஊரில் கோயில் கோபுரத்துக்குக் குடமுழுக்குச் சாரம் கட்டும்போது அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கயிற்று முடிச்சின் நெகிழ்வுதான் அந்தக் கட்டமைப்பின் பலம். இரும்புச் சாரத்தைக் கடற்காற்றின் உப்பு அரிக்கும். கம்பும் கயிறும் காற்றோடு கொஞ்சம் ஆடி, திரும்பத் தன் நிலைக்கு வரும். நடுக்கடல் பாறையில், மூன்று கடல்களின் காற்றும் கலக்கும் இடத்தில், ஊர்க் கொத்தனும் தச்சனும் அறிந்த முறையையே அந்த உயரத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் ஏறத்தாழ 150 பேர், நாளொன்றுக்கு 16 மணி நேரம் அளவுக்கு உழைத்தார்கள். அவர்களுள் ஒருவர் பெயரையும் பாறைக்குப் போய்வருகிற பயணி அறிந்துகொண்டு திரும்புவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இப்போது முதற்கேள்விக்குத் திரும்பலாம். அம்பாசமுத்திரத்தில் ஒருவர் செதுக்கிய கல்லின் மேல்முகமும், வேறோர் ஊரில் வேறொருவர் செதுக்கிய கல்லின் அடிமுகமும், இருவரும் ஒருவரையொருவர் பாராமலேயே, பாறையின் மேல் ஒன்றின் மேலொன்றாக அமர வேண்டும். அதற்கு இருவரிடமும் ஒரே கோல், ஒரே அங்குலம், வரைவைப் படிக்கும் ஒரே முறை இருந்தாக வேண்டும். சிற்ப மரபில் ஒரு தாளம் 12 அங்குலம். உருவத்தின் முகமே தாளம். அந்த முகத்தின் மடங்காகவே உடம்பின் மற்ற உறுப்புகள் எல்லாம் பெறப்படுகின்றன. அங்குலம் என்பது இங்கே கடைக்கோலின் அங்குலம் அன்று, அந்தந்த உருவத்துக்குள்ளேயே பிறக்கிற அலகு. ஒரு சாண் செப்புத் திருமேனிக்கும் 95 அடிக் கற்சிலைக்கும் விகிதம் ஒன்றே என்பதால், சிறிதில் கற்றதைப் பெரிதில் நம்பிச் செய்யலாம். மாமல்லபுரத்தில் பல ஆண்டுகள் அவர் கற்பித்த இந்த மொழிதான் மூன்று பட்டறைகளையும் பேச வைத்தது என்பது என் முடிவு. பெருஞ்சிற்பி என்று அவரைச் சொல்லும்போது நாம் உருவத்தின் பெருமையை நினைக்கிறோம். நான் பொருத்தின் பெருமையை நினைக்கிறேன்.

முகமும் வளைவும்

வள்ளுவர் எப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்து 1964-இல் சட்டமன்றத்தில் திறக்கப்பட்ட ஓவியத்துக்குப் பிறகு, தாடியும் முடிச்சிட்ட கூந்தலும் அமர்ந்த கோலமும் தமிழர் மனத்தில் நிலைத்துவிட்டன. ஸ்தபதி அவரை எழுப்பி நிற்க வைத்தார். இடையில் ஒரு சிறு வளைவு கொடுத்தார். அது ஆடவல்லான் திருமேனியின் சாயலை நினைவூட்டுவது. நேராக நிமிர்ந்த தூணாக நிறுத்தியிருந்தால் பொறியியல் எளிதாக இருந்திருக்கும். வளைவு வந்ததால் எடை ஒரு பக்கம் சாய்கிறது. அதைச் சமன் செய்யும் கணக்கு கூடுகிறது. இருந்தும் அதை விட்டுக்கொடுக்காததால்தான், கரையிலிருந்து பார்க்கும்போது அந்தப் பெரிய கல்லில் ஓர் ஆள் நிற்பதாகத் தோன்றுகிறது. வலக்கையின் மூன்று விரல்கள் அறம், பொருள், இன்பத்தைக் காட்டுகின்றன; இடக்கையில் சுவடி.

அவருடைய எல்லாக் கருத்துகளோடும் எனக்கு உடன்பாடு இல்லை. நடு அமெரிக்க மாயா மக்களின் கட்டடங்களையும் நம் மரபு சொல்லும் சிற்பி மயனையும் இணைத்து அவர் பிற்காலத்தில் முன்வைத்தவை, பெயர் ஒற்றுமையையும் வடிவ ஒற்றுமையையும் தாண்டி என்னை நம்பச் செய்யவில்லை. அதே சமயம், கட்டடத்தை அளவுகளின் உயிருள்ள ஒழுங்காகப் பார்த்த அந்த மனம்தான் கல்லை இவ்வளவு துல்லியமாகப் பொருத்தியது என்பதையும் மறுக்க முடியவில்லை. ஹவாய்த் தீவுகளில் கவாய் என்னும் தீவில் எழுந்த இறைவன் கோயில் அவருடைய வடிவமைப்பு. பெங்களூர்ப் பக்கம் கையால் செதுக்கிய கற்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் அங்கே பொருத்தினார்கள். அவர் 2009-இல் பத்மபூஷண் பெற்றார், 2011 செப்டம்பரில் மறைந்தார். அந்தக் கோயிலின் குடமுழுக்கு 2023-இல் நடந்தது. வரைந்தவர் போன பிறகும் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கற்கள் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டே இருந்தன.

அலையும் உப்பும்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி அலை அந்தப் பாறையின் மேல் மோதி எழுந்தது. சிலைக்குச் சேதமில்லை. மக்கள் இதைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் சிலையின் அன்றாடப் பகை அலை அன்று, உப்பு. காற்றில் வரும் உப்பு கல்லின் நுண்துளைகளிலும் இணைப்புகளிலும் படிந்து, உலரும்போது படிகமாகி, மேற்பரப்பை உள்ளிருந்து தள்ளும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் சாரம் கட்டி, நல்ல நீரால் கழுவி, காகிதக்கூழை உடல் முழுதும் அப்பி உப்பை உறிஞ்சி எடுத்து, உலர்ந்தபின் உரித்துவிட்டு, சிலிக்கான் கலவை பூசுகிறார்கள். இணைப்புகளுக்குச் சுண்ணாம்போடு கருப்பட்டியும் கடுக்காயும் சேர்ந்த பழைய கலவை இன்றும் பயன்படுகிறது. சிலையைச் செய்தவர் கொடுத்த அளவுக்கு நிகராக, இந்தப் பராமரிப்பைச் செய்கிறவர்களின் கையும் அதைக் காக்கிறது.

எங்கள் பக்கத்தில் இப்போது மலையைப் பிளப்பதெல்லாம் பெரும்பாலும் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும்தான். தட்டினால் மணிபோல் ஒலிக்கிற கல்லும் ஒலிக்காத கல்லும் ஒரே கிரஷருக்குள் போகின்றன. வீடும் சாலையும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. குவாரிக்கு அனுமதி கொடுக்கும்போது, சிற்பத்துக்குத் தகுந்த கல் எங்கெங்கே இருக்கிறது என்று கல்தச்சர்களைக் கொண்டு தட்டிப் பார்த்துக் குறித்துவைத்து, அந்தப் பாறைகளையாவது வெடி வைக்காமல் விட்டால் போதும் என்று கேட்கிறேன். வெடியில் அதிர்ந்த கல் மீண்டும் ஒலிக்காது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்சிற்பிகள் வாழும் மயிலாடியில் இன்றும் உளியோசை கேட்கிறது. அந்தச் சிற்பிகளுக்கு நாளைக்குக் கல் வேண்டும்.

2024 டிசம்பர் 30-இல் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் பாறைக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். அதற்குமுன் கடல் சீறும் நாட்களில் படகு விவேகானந்தர் பாறையோடு திரும்பிவிடும். அய்யனைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். பாலம் வந்தபின் போனபோது நான் நேரே மண்டபத்துக்குள் நுழைந்தேன். அதிகாரத்துக்கு ஒரு குறளாகப் பொறித்திருக்கும் சுவரைக் கடந்து, 140 படியும் ஏறினேன். பாதி வழியில், எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு போகும்போது, பக்கச் சுவரில் இரண்டு கற்கள் சேருமிடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. கல் குளிர்ந்திருந்தது, இணைப்பில் என் நகம் நுழையவில்லை.